சும்மா தருவதாகச் சொன்ன விளையாட்டு, கடைசி நேரத்தில் விலை போனது!

ரசிகர்கள் கொதிப்பு, காணாமல் போன மஞ்சள் சாவி!

ஊருக்கெல்லாம் அன்னதானம் என்று சொல்லியாச்சு. இலையும் போட்டாச்சு. எல்லாரும் உட்கார்ந்த பிறகு, "சாப்பாட்டை ஓட்டல்காரர் மொத்தமா வாங்கிட்டாரு. அங்கே போய் காசு கொடுத்துச் சாப்பிடுங்க" என்றால் எப்படி இருக்கும்?

கம்ப்யூட்டர் விளையாட்டு உலகத்தில் 1995-ம் ஆண்டு நவம்பரில் அப்படி ஒரு சம்பவம் நடந்தது. அதன் கதை ருசிகரமானது.

பேய்களோடு சண்டை

விளையாட்டின் பெயர் 'டூம்'. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த 'இட் சாப்ட்வேர்' கம்பெனி 1993 டிசம்பர் 10-ந் தேதி அதை வெளியிட்டது.

செவ்வாய் கிரகத்தைச் சுற்றும் சந்திரன்களில் ஒரு ஆராய்ச்சிக் கூடம். அங்கே நரகத்துக்கு வழி திறந்துவிடுகிறது. பேய், பிசாசுகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. எதிர்த்து நிற்க தன்னந்தனியாக ஒரே ஒரு சிப்பாய். அந்தச் சிப்பாய் நாம்தான்! அவன் கண்ணுக்குத் தெரிவதுதான் நம் திரையில் தெரியும்.

சுட்டுக்கொண்டே போக வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சாவிகளைத் தேடி எடுக்க வேண்டும். பூட்டிய கதவுகளைத் திறந்து வெளியேற வேண்டும். அப்படி ஒரு இடத்தைத் தாண்டினால் ஒரு 'லெவல்' முடிந்தது என்று கணக்கு.

முதல் 9 லெவல் இலவசம். ருசி பார்த்தவர்கள் மீதியைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வியாபாரம் சக்கைப்போடு போட்டது.

ரசிகர்களே கொத்தனார்கள்

சினிமா ரசிகன் படம் பார்ப்பான், கை தட்டுவான், போஸ்டர் ஒட்டுவான். டூம் ரசிகர்கள் ஒரு படி மேலே போனார்கள். தாங்களே புது லெவல் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்!

அதற்கு வழி விட்டது கம்பெனிதான். விளையாட்டை ஓட்டும் புரோகிராம் தனி. சுவர், கதவு, பேய், சத்தம் எல்லாம் அடங்கிய பைல் தனி. அதற்கு 'வாட்' என்று பெயர். புரோகிராமை எழுதிய ஜான் கார்மாக், பிறர் மாற்றிப் பார்க்கட்டும் என்றே அப்படிப் பிரித்து வைத்தார். இலவசமாகக் கொடுத்த பாகத்தில் ரசிகர்களின் லெவல் ஓடக்கூடாது, காசு கொடுத்து வாங்கியதில்தான் ஓட வேண்டும் என்பது கம்பெனியின் வேண்டுகோள்.

லெவல் கட்டுவது ஏறக்குறைய வீட்டு பிளான் போடுவது மாதிரி. மேலே இருந்து பார்ப்பதுபோல கோடு கோடாக வரைய வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தரை எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம், வெளிச்சம் எவ்வளவு என்று எண் கொடுக்க வேண்டும். ஒரு வேடிக்கை, மாடி மட்டும் கட்ட முடியாது! ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை வைக்க அந்த புரோகிராமில் இடம் இல்லை.

பிறகு பேய், துப்பாக்கி, மருந்து, சாவி இவற்றை ஆங்காங்கே வைக்க வேண்டும். எது எந்த ஆட்டத்தில் வர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட வேண்டும். இந்தக் 'குறி'யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

கடைசி நேரத்தில் பேரம்

1994-ல் டூம் இரண்டாம் பாகம் வந்தது. பல நாட்டு ரசிகர்கள் சேர்ந்து 'டீம் டி.என்.டி.' என்று ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் டை ஹால்டர்மேன். டெலிபோன் கம்பி வழியாகவே கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டு, 32 லெவல் கட்டி முடித்தார்கள். 'ஈவில்யூஷன்' என்று பெயர் வைத்தார்கள்.

எல்லாருக்கும் இலவசம் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. ரசிகர்கள் ஆவலாகக் காத்திருந்தார்கள்.

வெளியாகும் நேரத்தில் இட் கம்பெனி குறுக்கே வந்தது. "எங்களுக்கே கொடுங்கள், கடையில் விற்கிறோம்" என்று பேரம் பேசியது. குழு சம்மதித்தது. இலவச வெளியீடு ரத்து!

"ஏமாத்திட்டாங்களே!" என்று ரசிகர்கள் பலர் குமுறினார்கள். உழைத்தவனுக்குக் காசு வந்தால் என்ன தப்பு என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. மாதக்கணக்கில் ராத்திரி கண் விழித்தவர்கள் கூலி வாங்குவது குற்றமா? ஆனால் 'தருகிறேன்' என்று சொன்ன வார்த்தை என்ன ஆவது?

அண்ணன், தம்பி

ஒரு தொகுப்போடு கம்பெனி நிற்கவில்லை. இங்கிலாந்தில் இருந்த டாரியோ கசாலி, மைலோ கசாலி என்ற சகோதரர்களிடம் இன்னொரு 32 லெவல் கேட்டது. ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு சுமார் 4 மாதத்தில் முடித்தார்கள். அது 'புளுட்டோனியா'. கைதேர்ந்தவர்களையே திணற வைக்கும் ஆட்டம்!

இரண்டையும் சேர்த்து 1996-ல் 'பைனல் டூம்' என்று கடைக்கு வந்தது. டாரியோவுக்கு வால்வ் கம்பெனியில் வேலை கிடைத்தது. 1998-ல் பெரும் புகழ் பெற்ற 'ஹாப் லைப்' விளையாட்டில் அவர் கை வண்ணம் உண்டு. பொழுதுபோக்கே பிழைப்பாகிவிட்டது.

சாவியைக் காணோம்!

காசு கொடுத்து வாங்கியவர்கள் ஆடினார்கள். எகிப்து அரசன் 'பாரோ' பெயர் கொண்ட 31-வது லெவலுக்குப் போனார்கள். மஞ்சள் சாவி வேண்டும். மூலை முடுக்கெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை.

தேடினவர் மேல் தப்பு இல்லை. சாவியே அங்கே இல்லை! பல பேர் சேர்ந்து ஆடும்போது மட்டும் சாவி வரட்டும் என்ற குறி தவறுதலாக விழுந்திருந்தது. தனியாக ஆடுபவர் நேர் வழியில் வெளியேற முடியாது.

விற்ற பெட்டியில் இருந்த ஓட்டையை அடைத்தது யார்? டீம் டி.என்.டி. குழுதான். திருத்திய லெவலைத் தனி பைலாக வெளியிட்டார்கள். அது இலவசம்!

சத்திரத்துக் காவல்காரர்

சொன்ன வார்த்தையை குழு மறந்துவிடவும் இல்லை. 1996-லேயே 'இகாரஸ்' என்று வேறு 32 லெவல் செய்து, ஒரு பைசா வாங்காமல் வெளியிட்டது.

தலைவர் ஹால்டர்மேன் என்ன ஆனார்? உலகம் பூராவும் ரசிகர்கள் கட்டும் டூம் லெவல்களைச் சேர்த்து வைக்கும் பொதுக் கிடங்கு ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வருகிற பைலை வாங்கிச் சரிபார்த்து, இடம் பார்த்து அடுக்கும் பொறுப்பைப் பல வருஷம் அவர்தான் சுமந்தார். 2015-ல் இறந்தார்.

அன்று அன்னதானத்தை விலை பேசியவர் என்று திட்டு வாங்கியவர்தான், பிறகு அதே சத்திரத்துக்குக் காவல் இருந்தார். கிடங்கு இன்னும் திறந்திருக்கிறது. புது லெவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சும்மாதான்!