ஜீனோவைத் தெரியுமா?

புத்தகம் வாசிக்கிற நாயைக் கண்டிருக்கிறீங்களோ, நேயர்களே? வாசிக்கிறது மட்டுமில்லை, வாயும் கொஞ்சம் நீளம்! பெயர் ஜீனோ. 1980களில் சுஜாதா ஆனந்த விகடனில் தொடராக எழுதின ‘என் இனிய இயந்திரா’வில் வருகிற இயந்திர நாய் அது. கதை நடக்கிற காலம், அவர் அப்போது கற்பனை செய்த 2021. சர்வாதிகாரி ஜீவாவின் நாட்டில், காணாமல்போன கணவனைத் தேடி அலைகிற நிலாவுக்கு இந்த ஜீனோதான் துணை.

இதை வாசித்த பலர் இரண்டாம் பாகமான ‘மீண்டும் ஜீனோ’வைத் தவறவிட்டுவிடுகிறார்கள். அதில் நிலா நாட்டுக்கே ராணி! ஜீனோவின் குறும்புக்காகவே வாசிக்கலாம். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால், யாழ் பொது நூலகப் பக்கம் போகேக்கை கேட்டுப் பாருங்கோ. முதலாம் பாகத்தை விட்டுப்போட்டு இரண்டாவதைத் தொடாதேங்கோ, என்ன!