அரைச்சங்கிலி வண்டியின் சிற்றுருவம்

மார்கழி மழையில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பாதையிலே கொழுந்து ஏற்றிய லொறி புதைந்து, பின்சக்கரங்கள் வீணே சுழன்று சேற்றை வாரியிறைப்பதைக் கண்டவர்களுக்கு, முன்னே சக்கரமும் பின்னே சங்கிலித்தடமுமாக ஒரு வாகனத்தை ஜெர்மானியர் ஏன் சமைத்தார்கள் என்பதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஹனோவர் நகரத்து ஹனோமாக் தொழிற்சாலை அடிச்சட்டம் தந்து, 1939 முதல் படையில் சேர்ந்த 251-ஆம் எண் கவச வண்டியில், முன்சக்கரங்கள் திசை திருப்ப மாத்திரமே உதவ, 100 குதிரைசக்தியுள்ள மேபாக் எஞ்சினின் பலம் முழுவதும் சங்கிலிகளுக்கே சென்றது. திசைச்சக்கரத்தைச் சற்றுத் திருப்பினால் முன்சக்கரம் மட்டும் திரும்பும், மேலும் திருப்பினாலோ உட்புறச் சங்கிலியை பிரேக் தானே பிடித்து வண்டியை வளைத்துவிடும்.

கொடுங்கோன்மைக்கு ஊழியம் செய்த யந்திரமேயாயினும், அதனைச் சரித்திரத்துக்கு விரோதமின்றிச் சிற்றுருவமாக்க முனைகிறவர் முதலில் நிச்சயிக்க வேண்டியது மாதமும் வருஷமுமே. 1943 பெப்ரவரி வரை போர்வண்டிகளுக்குக் கருஞ்சாம்பல் அடிவர்ணம், அதன்பின் அடர்மஞ்சள். ஆதியில் இரு தகடுகளாக மடிந்திருந்த பின்சுவர், அவ்வாண்டு வந்த டி வகையில், உற்பத்தி எளிதாகும் பொருட்டு ஒரே சாய்தகடாயிற்று. ஆகையால் சாம்பல் பூசிய டி வகை என்பது, எத்தனை நேர்த்தியாயினும், காலம் பிறழ்ந்த கலப்பே. புகைப்படங்களையும் ஐயுற்றே நோக்க வேண்டும். போருக்குப்பின் செக்கோஸ்லோவாக்கியர் இதே வடிவத்தில் டாட்ரா டீசல் எஞ்சினுடன் செய்த வண்டிகள், சினிமாக்களில் ஜெர்மானிய வேஷம் தரித்திருக்கின்றன.

பெரும்பாலோர் கையாளும் அளவு முப்பத்தைந்தில் ஒன்று. ஜப்பானியத் தாமியா கம்பெனியார் தம் பாந்தர் டாங்கிப் பொம்மைக்குள் இரண்டு பற்றறிகளை அடக்க முயன்றதில் தற்செயலாய் வாய்த்த விகிதம் அது. 5.8 மீற்றர் நீள வண்டி இதில் பதினாறரை சென்ரிமீற்றராகும். 8 மில்லிமீற்றர்ப் பக்கக்கவசமோ கால் மில்லிமீற்றருக்கும் குறையும். ஆகவே பிளாஸ்டிக் தகட்டின் விளிம்புகளை உட்புறமாய் அரத்தால் தேய்த்து மெலிதாக்காவிடில், வண்டி மரப்பெட்டியின் கனத்தோடு தோன்றும். ஒன்றன்மேலொன்று கவிந்து நிற்கும் உருளைகளையும் வர்ணம் பூசிய பின்னரே, உள்வரிசையிலிருந்து முறையாக ஏற்ற வேண்டும். பாரத்தைப் பரப்பிய அவ்வமைப்பே ருஷ்யக் குளிர்காலத்தில், இடையிலே உறைந்த சேற்றால் உருளைகளை அசையவொட்டாமல் இறுக்கியது.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் தரையைத் தொடுவது இரும்பன்று, இறப்பர் அட்டை. 1942-இல் மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகள் நம் இலங்கை இறப்பரையே பெரிதும் நம்பியிருக்க, ஜெர்மானியரோ புனா என்னும் செயற்கை இறப்பரால் காலந்தள்ளினர். தரையைத் தொடுவது இறப்பரே என்பதை அறியாதவர்கள் தடம் முழுவதும் வெள்ளி வர்ணம் தீட்டி மினுக்கிவிடுகிறார்கள். அட்டைகளைப் புழுதி படிந்த மங்கிய கருமையில் விட்டு, உருளைகள் உராயும் உட்புறத்துக்கு மாத்திரம் உலோகப் பளபளப்புத் தருவதே முறை.