எக்ஸ்ரே அறையில் நிற்பவர்



"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வா" என்று தோட்டத்து டிரசர் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டால், அந்த நாளில் வீடே கலங்கிப் போகும். நெஞ்சுக்குள் என்னவோ இருக்கிறது என்ற பயம் ஒரு பக்கம். அந்த மெஷின் முன்னால் நின்றால் இரத்தம் சுண்டிவிடும், ஆண்மை போய்விடும் என்ற பயம் மறு பக்கம். இந்த இரண்டாவது பயத்தினால் மாதக்கணக்கில் இருமிக்கொண்டே பால்மரம் வெட்டப் போய், காசநோய் முற்றிய பிறகு வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலம் எவ்வளவோ மாறிவிட்டது. அந்தப் பயம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மெஷினைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதன் பக்கத்தில் நின்று, "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்று சொல்கிறாரே, அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மலாயில் 'ஜூரு எக்ஸ்ரே' என்றும், ஆங்கிலத்தை ஒட்டி 'ரேடியோகிராபர்' என்றும் அவரைச் சொல்கிறோம். பொத்தானை அமுக்குகிறவர் என்பதுதான் நம்மில் பலருடைய நினைப்பு. அவர் என்ன படித்திருக்கிறார், அந்தப் படிப்பு எப்படி உண்டாயிற்று என்று தெரிந்தால் பயத்தில் பாதி தானாகவே போய்விடும்.

ஜெர்மனி நாட்டில் வூர்ஸ்பர்க் நகரத்தில், 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், ரோண்ட்கன் என்ற பேராசிரியர் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் விரலில் இருந்த மோதிரமும் அதில் தெரிந்தன. சில மாதங்களுக்குள் உலகத்தின் பல ஊர்களில் டாக்டர்களும், போட்டோ பிடிப்பவர்களும், மின்சார வேலை தெரிந்தவர்களும் இந்த மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். படிப்பு என்று எதுவும் கிடையாது. தெரிந்தவரைப் பார்த்துச் செய்ததுதான்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. கதிர் சரியான பலத்தில் வருகிறதா என்று பார்க்க, தங்கள் கையையே அதன் முன்னால் நீட்டி எலும்பு தெரிகிறதா என்று சோதிப்பார்கள். அடுப்பில் கல் காய்ந்துவிட்டதா என்று நாம் கையை மேலே வைத்துப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. ஒரு நாளைக்குப் பல முறை, ஆண்டுக்கணக்காக இப்படிச் செய்தார்கள். முதலில் தோல் சிவந்தது, பிறகு புண்ணாயிற்று, கடைசியில் புற்றுநோயாக மாறியது. அமெரிக்காவில் எடிசனிடம் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர் இரண்டு கைகளையும் இழந்து, 1904-ல், நாற்பது வயது நிறையுமுன் இறந்தார். எடிசன் அதோடு எக்ஸ்ரே ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். இப்படி இந்தத் தொழிலில் மாண்டவர்களுக்காக ஜெர்மனியின் ஹம்பர்க் நகரத்தில் 1936-ல் ஒரு நினைவுக் கல் நாட்டினார்கள். அன்று அதில் பொறித்த பெயர்கள் 169. பின்னர் மேலும் பல பெயர்கள் சேர்ந்தன.

படம் எடுக்கும்போது அவர் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது இந்தச் சாவுகள் கற்றுக்கொடுத்த பாடம். "எனக்கு ஆபத்து இல்லை என்கிறார், தாம் மட்டும் ஓடி ஒளிகிறார்" என்று நம்மவர்கள் முணுமுணுப்பதுண்டு. நீங்கள் ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோதான் அங்கே நிற்கிறீர்கள். அவருக்கு அன்று நீங்கள் நாற்பதாவது ஆளாக இருக்கலாம். நாளைக்கும் அத்தனை பேர் வருவார்கள். அவர் சட்டையில் குத்தியிருக்கும் சிறிய வில்லை அவர்மேல் பட்ட கதிரைக் கணக்கெடுக்கிறது. ஐந்து ஆண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக அளவில் 1990-ல் பரிந்துரைக்கப்பட்ட எல்லை.

உங்கள்மேல் விழுவது எவ்வளவு? நெஞ்சுப் படம் ஒன்றுக்குச் சுமார் 0.02 மில்லிசீவர்ட். எக்ஸ்ரே பக்கமே போகாதவர்மேலும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உண்ணும் உணவிலிருந்தும் ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் கதிர் படத்தான் செய்கிறது. கணக்குப் போட்டால், ஒரு நெஞ்சுப் படம் என்பது சும்மா வீட்டில் மூன்று நாள் இருந்ததற்குச் சமம். இதில் ஆண்மை போவதற்கு வழியில்லை. ஆனால் வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. படம் இதைப்போல் சில நூறு மடங்கு. ஆகவே அதைத் தேவையில்லாமல் எடுக்கச் சொல்லி டாக்டரை நாமே வற்புறுத்துவது நல்லதல்ல.

படிப்பு எப்போது வந்தது? முதல் உலகப் போரின்போது மேரி கியூரி அம்மையார் மோட்டார் வண்டிகளில் எக்ஸ்ரே மெஷினை ஏற்றிப் போர்முனைக்கு அனுப்பினார். அவற்றை இயக்க ஏறக்குறைய 150 பெண்களுக்கு மின்சாரமும் உடற்கூறும் படம் கழுவும் முறையும் கற்றுக்கொடுத்தார். 1920-ல் இங்கிலாந்தில் ரேடியோகிராபர்களுக்கென்று ஒரு சங்கம் தோன்றியது. தேர்வு, சான்றிதழ் என்று தொழில் ஒரு வரம்புக்குள் வந்தது. அதே காலத்தில் ஒரு தகராறும் எழுந்தது. படத்தை எடுப்பவர் அதைப் பார்த்து நோய் இன்னதென்று சொல்லலாமா, கூடாதா? கூடாது என்று டாக்டர்கள் நின்றார்கள். அவர்கள் பக்கமே வென்றது. அறுபது ஆண்டு கழித்து, 1985-ல், லண்டனில் நார்த்விக் பார்க் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர்கள் ஓர் எளிய முறையைப் பற்றி எழுதினார்கள். விபத்துப் பிரிவில் படம் எடுப்பவருக்கு எலும்பு முறிவு போன்று ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால், படத்தின்மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிவிடுவார். இளம் டாக்டர் அதைக் கண்டதும் இன்னொரு முறை உற்றுப் பார்ப்பார். இதனால் கண்ணில் படாமல் நழுவும் முறிவுகள் குறைந்தன. இன்று அந்த நாட்டில் மேற்படிப்பு முடித்த ரேடியோகிராபர்கள் சில வகைப் படங்களுக்கு அறிக்கையே எழுதுகிறார்கள். நம் நாட்டில் அறிக்கை எழுதுவது கதிரியல் டாக்டரின் வேலை. "படத்திலே என்ன ஐயா இருக்கு?" என்று நீங்கள் கேட்கும்போது அவர் பதில் சொல்லாமல் இருப்பது அகம்பாவத்தால் அல்ல, சொல்லும் பொறுப்பு அவருடையதல்ல.

கைத்தொழிலும் மாறியது. முன்பெல்லாம் பிலிமை இருட்டறையில் மருந்துத் தொட்டிகளில் முக்கிக் கழுவிக் காயப்போட வேண்டும். கதிர் கூடினால் படம் கறுத்துப்போகும், குறைந்தால் வெளுத்துப்போகும். செய்த தவறு பிலிமிலேயே எழுதியிருக்கும். இப்போது படம் கம்ப்யூட்டரில் வருகிறது. கதிர் கொஞ்சம் கூடினாலும் கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்து அழகாகவே காட்டிவிடும். பார்ப்பவருக்குத் தவறு தெரியாது. அதனால் எடுப்பவர் வேலை சுலபமாயிற்று என்று சொல்லலாம். என் கணக்கில் கடினமாயிற்று. படத்தோடு வரும் அளவு எண்ணைப் பார்த்து, கூட்டிவிட்டோமா என்று அவரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு மாற்றம் நம் குடும்பங்களில் கோபத்தையே உண்டாக்குகிறது. இடுப்பை எக்ஸ்ரே எடுக்கும்போது மறைவிடத்தின்மேல் ஈயத் தகடு வைப்பது பல ஆண்டுப் பழக்கம். இப்போது பல இடங்களில் வைப்பதில்லை. "ஏழைப் பிள்ளை என்று அலட்சியம்" என்று ஒரு தாயார் சண்டைக்கே போய்விட்டார். அலட்சியம் இல்லை, அம்மா. தகடு சற்று நகர்ந்தால் பார்க்க வேண்டிய எலும்பையே மறைத்துவிடும். மறுபடியும் எடுக்க வேண்டி வரும். தானாக அளவு பார்க்கும் மெஷினில் தகடு குறுக்கே வந்தால் மெஷின் கதிரை இன்னும் கூட்டிவிடும். மெஷின்களும் 1950-களில் இருந்ததைவிட மிகக் குறைந்த கதிரில் வேலை செய்கின்றன. இவற்றையெல்லாம் ஆராய்ந்து, வழக்கமாகத் தகடு வைப்பதை நிறுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-ல் அறிவித்தது. நேற்றுவரை சரி என்று செய்ததை, ஆராய்ச்சி மாறியதும் விட்டுவிடுவதற்கும் படிப்பு வேண்டும்.

ஒரு சிறு அனுபவம் சொல்கிறேன். ஒரு தோட்டத்துப் பெண்ணின் நெஞ்சுப் படத்தில், நுரையீரலின் மேல்பகுதியில் கயிறுபோல ஒரு நிழல். காசநோய் பெரும்பாலும் குடிகொள்ளும் இடம் அதுவே. வீட்டார் அழத் தொடங்கிவிட்டார்கள். அங்கிருந்த மூத்த ரேடியோகிராபர் படத்தையும் பார்த்தார், அந்தப் பெண்ணையும் பார்த்தார். எண்ணெய் தடவிப் பின்னிய ஈரச் சடை தோளில் கிடந்தது. சடையைத் தூக்கி உச்சியில் முடியச் சொல்லி மறுபடி எடுத்தார், நிழல் இல்லை. தாடையை உயர்த்து, தோளை முன்னுக்குத் தள்ளு, மூச்சைப் பிடி என்று அவர் சொல்வதெல்லாம் இப்படிப்பட்ட நிழல்களை ஒதுக்குவதற்குத்தான். தோளை முன்னே தள்ளினால் தோள்பட்டை எலும்பு நுரையீரலைவிட்டு விலகும். தாலியைக் கழற்ற மனமில்லாவிட்டால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். மஞ்சள் கயிறு படத்தில் பெரிதாகத் தெரியாது; தங்கம்தான் தெரியும். அதை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுக்கலாம்.

பெண்களிடம் அவர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கடைசியாக எப்போது குளித்தீர்கள், பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்பதே அது. மாமியார் பக்கத்தில் நிற்கிறாரே என்று வெட்கப்பட்டு "இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. கர்ப்பம் என்றால் படமே எடுக்க மாட்டார்கள் என்பதும் இல்லை. நெஞ்சுப் படம் அவசியமென்றால் எடுக்கலாம். வயிற்றுக்குப் போகும் கதிர் மிகமிகக் குறைவு. இடுப்பு, வயிறு என்றால் டாக்டரைக் கலந்துகொண்டு, தள்ளிப்போடலாமா என்று பார்ப்பார்கள்.

இந்த வேலைக்கு நம் பிள்ளைகள் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்திலும் அறிவியலிலும், குறிப்பாக இயற்பியலில், நல்ல தேர்ச்சி வேண்டும். டிப்ளோமா மூன்று ஆண்டு. சுகாதார அமைச்சின் கல்லூரியிலும் கற்றுக்கொடுக்கிறார்கள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் பட்டப்படிப்பும் இருக்கிறது. தனியார் கல்லூரியில் பணம் கட்டுமுன், அந்தப் படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 2016-ல் இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில், அதாவது சட்டம் 774-ல், இந்தத் தொழிலும் அடங்குகிறது. பதிவு பெறாமல் வேலை செய்ய முடியாது. அங்கீகாரம் இல்லாத சான்றிதழை வாங்கிக்கொண்டு, அப்பா அம்மாவின் சேமிப்பையும் இழந்து நிற்கும் பிள்ளையைப் பார்ப்பது வேதனை.

படிக்கும் பிள்ளைகள் முதலில் ஒருவரை ஒருவர் நிற்க வைத்தும் படுக்க வைத்தும் பழகுவார்கள். விளக்கு வெளிச்சத்தால் இடத்தைக் குறிப்பார்கள், தோளைத் திருப்புவார்கள், "மூச்சைப் பிடியுங்கள்" என்று சொல்லிப் பார்ப்பார்கள். கதிரை மட்டும் போடமாட்டார்கள்.