திறந்த வகுப்பறை – 7: கால அட்டவணையில் ஓர் இடம்

நாமக்கல், ராசிபுரம் என்றதும் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலருக்கு விடுதிப் பள்ளிகள்தான் நினைவுக்கு வரும். விடிவதற்கு முன்பே படிப்பு, ஓயாத தேர்வு, எந்நேரமும் பக்கத்தில் ஓர் ஆசிரியர். பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு பிளஸ் டூவுக்குத் தாவும் பழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் பரவியதால்தான், 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. இப்படிக் கண்காணிப்பிலேயே படித்த பிள்ளை கல்லூரிக்கு வருகிறது. ஏன் படிக்கவில்லை என்று கேட்க ஆளில்லாத ஒரு வகுப்பு அதன் கைபேசியிலேயே காத்திருக்கிறது.

அதுதான் என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிப் பாடத் திட்டம். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரப்போவதாக அறிவித்ததே 2001இல்தான். 2014 முதல் இங்கே சான்றிதழ்ப் படிப்புகள் நடக்கின்றன. இந்தப் படிப்புகளையும் வழங்கும் மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017இல் வந்தது. பாடம் கேட்கப் பணம் வேண்டாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் கட்டி, மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படிப் படித்து கிரெடிட் பெற யு.ஜி.சி. 2021இல் வழிவிட்டது. சங்ககிரியில் இருந்தபடியே ஒரு மாணவி ஐ.ஐ.டி. பேராசிரியரிடம் பாடம் கேட்கிறாள். இது பெரிய காரியம்.

ஆனால், சேர்ந்தவர்கள் எல்லாம் முடிப்பதில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய இணையவழிப் படிப்புகளைப் பற்றிய ஆய்வு 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் 3.13 சதவீதம் பேரே முடித்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிலும் 46 சதவீதம்தான்.

கிரெடிட்டுக்காகப் படிக்கும்போது வேறொரு சிக்கல் முளைக்கிறது. என்.பி.டி.இ.எல்.லின் 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. அசைன்மென்ட் விடைகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வாராவாரம் வந்துவிடுகின்றன. அந்த 25ஐ அள்ளிவிடலாம். 75க்குத் தேர்வறையில் தனியாக உட்கார்ந்தாக வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு ஆங்கில விரிவுரையின் வேகம் வேறு மலைப்பூட்டும்.

இப்படித் தடுமாறும் மாணவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. காலையில் கல்லூரிப் பேருந்து, நாள் முழுக்க வகுப்பு, மாலையில் மறுபடி பேருந்து. இதில் எந்த நேரத்தில் விரிவுரை கேட்பது?

மருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. என்.பி.டி.இ.எல்.லின் 'லோக்கல் சாப்டர்' ஆகப் பதிவுசெய்த கல்லூரியில் இதற்கென மெண்டர்கள் என்னும் வழிகாட்டி ஆசிரியர்கள் உண்டு. கால அட்டவணையில் வாரம் இரண்டு மணி நேரத்தை இந்தப் படிப்புக்கு ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் மெண்டரும் கூட உட்காரட்டும். புரியாத இடத்தில் விரிவுரையை நிறுத்தித் தமிழில் பேசட்டும். அதை அவருடைய பணிநேரமாகவும் கணக்கில் எடுங்கள். பாடத்தை இலவசமாகத் தர ஐ.ஐ.டி.கள் முன்வந்தன. அதைப் படிக்க நேரம் தரவேண்டியது நம் கல்லூரிகளின் பொறுப்பு.

(அடுத்த வாரம்: தமிழில் திறந்த பாடங்கள்)