அளவியை அளத்தல்

ஒரு பொருளின் தரத்தை அளவுகருவி கூறுகிறது. அக்கருவியின் தரத்தைக் கூறுவது எது? இவ்வினாவிற்கு விடைகாண, வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலைகளில் ஓர் ஆய்வு நடத்தப்படுகிறது.

தண்டு ஒன்றின் விட்டம் 19.98 முதல் 20.02 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் எனக் கொள்வோம். அதன் உண்மை விட்டம் 20.03, அளவீடோ 20.01 எனில், குறையுள்ள தண்டு வாகனத்திற்குள் செல்லும். இது மறுதலையாக நிகழ்ந்தால், நல்ல தண்டு கழிக்கப்படும்.

ஒரே தண்டை ஒருவரே திருகு அளவியால் பலமுறை அளக்கையில் அளவீடுகள் ஒத்திருப்பது மீள்நிகழ்திறன். வெவ்வேறு பணியாளர்கள் அளந்தாலும் ஒத்திருப்பது மறுஉருவாக்கத்திறன். முன்னது குறைந்தால் கருவியின் தேய்மானத்தை ஆராய வேண்டும். பின்னது குறைந்தால் பணியாளர்க்கு ஒரேவகைப் பயிற்சி அளிக்க வேண்டும்.

பொதுவாக 10 தண்டுகளை 3 பணியாளர்கள் மும்முறை அளப்பர். 90 அளவீடுகள் கிடைக்கும். நினைவு கையை வழிநடத்தாதிருக்க, தண்டுகளின் வரிசை மாற்றப்படும். முந்தைய அளவீடுகள் மறைக்கப்படும். மொத்த வேறுபாட்டோடு ஒப்பிட, அளத்தலால் எழும் வேறுபாடு 10 விழுக்காட்டிற்குள் இருப்பின் அம்முறை ஏற்கத்தக்கது. 30 விழுக்காடு வரை பயன்பாட்டின் தன்மையைப் பொறுத்து முடிவெடுக்கப்படும். அதனைக் கடந்தால் ஏற்கப்படாது.

எனினும், எப்போதும் 0.01 மில்லிமீட்டர் கூட்டிக் காட்டும் கருவியும் இவ்வாய்வில் தேறிவிடும். ஒத்திருத்தல் வேறு; உண்மையாயிருத்தல் வேறு. பின்னதை அறிய, கருவியைத் திட்ட அளவுடன் ஒப்பிடும் அளவுத்திருத்தமும் தேவை.