உஷார்! அந்த ஒற்றைச் சிகரம் இரண்டாக இருக்கலாம்

மோட்டார் அதிர்வை அளந்து ரிப்போர்ட் எழுதுகிறவர்களே, கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம்! ஸ்பெக்ட்ரத்தில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே ஒரு சிகரம் நிற்கிறதா? அவசரப்பட்டு அதற்குப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

2980 ஆர்பிஎம்மில் ஓடும் 2-போல் மோட்டார் ஒன்று. அதன் சுழல்வேகத்தின் இரு மடங்கு 99.33 ஹெர்ட்ஸ். கப்ளிங் அலைன்மென்ட் கெட்டால் பெரும்பாலும் அங்கேதான் எகிறும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரு மடங்கோ 100. ஸ்டேட்டர் கோளாறு தலைகாட்டும் இடம் அது. நடுவே 0.67 ஹெர்ட்ஸ்தான். ஆள் மாறிப்போனால், நீங்கள் அலைன்மென்டையே திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருப்பீர்கள், ஸ்டேட்டர் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டும் சேர்ந்திருக்கும் மோட்டார் அருகே நின்றால் இரைச்சல் ஏறி இறங்குவது காதுக்கே தெரியும். ஒருமுறை ஏறி இறங்க 1.5 விநாடி ஆகும். நீங்கள் விநாடிக்கு 5120 சாம்பிள் எடுத்து, 1024 புள்ளி எஃப்எஃப்டி போட்டால் மொத்தம் கேட்டது 0.2 விநாடி. ஒரு ஏற்றத்தைக்கூட முழுதாகக் கேட்காத கணக்கு, இரண்டையும் எப்படிப் பிரிக்கும்? 1-ஐ 0.2-ஆல் வகுங்கள்: 5 ஹெர்ட்ஸ். அதற்குள் நெருங்கி நிற்பவை ஒன்றாகவே தெரியும்.

பெரிய ஆபத்து இனிமேல்தான். அந்த 1024 புள்ளிகளுக்குப் பின்னால் பூஜ்யங்களை அடுக்கி 16384 ஆக்கினால், புள்ளிகளின் இடைவெளி 0.31 ஹெர்ட்ஸாகச் சுருங்கும். கோடு வழவழப்பாக வரும். திரையில் 0.31 என்று பார்த்ததும் மனம் நிம்மதியாகிவிடும். ஆனால் பூஜ்யத்தில் மோட்டாரைப் பற்றிய தகவல் ஒரு துளியும் கிடையாது! பிரித்தறியும் திறன் அதே 5 ஹெர்ட்ஸ்தான். சாம்பிள் வேகத்தை 10240 ஆக்கி 1024 புள்ளியையே வைத்தால் நிலைமை இன்னும் மோசம், 10 ஹெர்ட்ஸ்.

அளக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். 5120 வேகத்தில் உண்மையான 32768 புள்ளிகள், அதாவது 6.4 விநாடி. ஹான் விண்டோ சிகரத்தை அகலமாக்கும் என்பதால் 1.5 விநாடி போதாது. அந்த நேரம் முழுக்க மோட்டாரின் வேகமும் சுமையும் மாறாமல் இருக்க வேண்டும்; மாறினால் சிகரம் கலைந்துவிடும். அப்போதும் சந்தேகமா? அளந்துகொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டியுங்கள். மின்கோளாறால் வந்த 100 ஹெர்ட்ஸ் அந்தக் கணமே மறையும்.

தயவுசெய்து ரிப்போர்ட்டில் எத்தனை புள்ளி என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை விநாடி அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.