ஹிப் ஹாப்பும் கணியான் கூத்தும்: நேரம் யார் கையில்?

தெருநடனம் மேடைக்கு வந்தா என்ன ஆகும்? இதைத் தேடும்போது கிடைத்த பெயர் ரென்னி ஹாரிஸ். அமெரிக்காவில் வடக்கு பிலடெல்பியாவில் வளர்ந்த ஹிப் ஹாப் நடன அமைப்பாளர். 1992-ல் 'பியூர்மூவ்மென்ட்' என்ற குழுவைத் தொடங்கினார். 2000-ல் ரோமியோ ஜூலியட் கதையைத் தழுவி 'ரோம் அண்ட் ஜூவல்ஸ்' என்ற முழுநீளப் படைப்பை ஹிப் ஹாப்பிலேயே மேடையேற்றினார்.

இதில் என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். தெருவில் சுத்தி நின்னு பாக்குறவங்க நடுவே ஒருத்தர் ஆடுறது கொஞ்ச நேரம்தான். அந்த ஆட்டத்தால் ஒரு முழுக் கதையையே சொல்ல முடியும்னு ஹாரிஸ் காட்டினார்.

இப்போ எங்க திருநெல்வேலிப் பக்கம் வருவோம். சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து நடக்கும். அண்ணாவி சாமி கதையைப் பாடுவார். பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள் முழங்கும். வட்டமான மரச்சட்டத்தில் தோல் போர்த்திய கருவி அது. பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். கதை விடிய விடியப் போகும்.

அதே கூத்தை ஒரு கலைவிழா மேடையில் பார்த்தேன். கொடுத்தது பத்தே நிமிஷம். அண்ணாவி காப்புப் பாடி முடிக்கவே பாதி நேரம் போச்சு. மிச்சம் நாலு சுத்து ஆட்டம், கைத்தட்டல், அடுத்த நிகழ்ச்சி. சாமி பிறக்கவே இல்லை.

ஹாரிஸ் சின்ன ஆட்டத்துக்கு நீண்ட நேரம் தேடிக் கொடுத்தார். நம்ம கூத்துக்கு ஒரு ராத்திரி முழுக்க ஏற்கெனவே இருக்கு, நாமதான் வெட்டுறோம். விழா நடத்துறவங்க ஒரே ஒரு கதையையாவது முழுசாப் பாட விடலாம்.